கொங்வாவில் கடலை போட்டார்கள்: ஒரு திட்டமும் ஒரு வகுப்பறையும்

நாடுகளின் பொருளாதார, சமூக முன்னேற்றத்தைப் படிக்கும் வளர்ச்சியியல் தாள் எடுக்கும் ஆசிரியர்கள் பலர் தோற்றுப்போன ஒரு திட்டத்தைச் சொல்லித்தான் பருவத்தைத் தொடங்குவார்கள். நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது கிழக்கு ஆப்பிரிக்காவின் நிலக்கடலைத் திட்டம். 1947இல் பிரிட்டிஷ் அரசு டாங்கனிகாவில் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி) தொடங்கியது. 1951 ஜனவரியில் 3 கோடியே 60 லட்சம் பவுண்டை நட்டக் கணக்கில் எழுதிவிட்டுக் கைவிட்டது.

இந்தத் திட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. என் வகுப்பில் பாதிப்பேர் கடலை போடும் வீட்டுப் பிள்ளைகள். நானும் அப்படித்தான். காய் ஆய்ந்து ஆய்ந்து விரல் நுனி கன்றிப்போன கைகளுக்கு இது நன்றாகப் புரியும் என்று நினைத்தேன். புரிந்தது. ஆனால் புரிந்ததை நான் எப்படி வீணடித்தேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதனால் இதில் இரண்டு நிகழ்வுகள் உண்டு: ஒன்று டாங்கனிகாவில் திட்டம் முதலில் இறங்கிய கொங்வாவில் நடந்தது, மற்றது என் வகுப்பில் நடந்தது.

திட்டம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் பிரிட்டனில் ரேஷன் முடியவில்லை. சமையல் கொழுப்பு, மார்கரின், சோப்பு எல்லாமே அளவுதான். உலகம் முழுக்க எண்ணெய் வித்துகளுக்குத் தட்டுப்பாடு. போருக்கு முன் உலகச் சந்தைக்குக் கடலை அனுப்பியதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு இருந்தது. சென்னை மாகாணத்தின் செம்மண் காடுகள் அதில் முன்னே நின்றன. போருக்குப் பின் அந்த வரத்தும் சுருங்கியது.

அந்த நிலையில், 1946 மார்ச்சில், யுனிலீவரின் துணை நிறுவனமான யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஃபிராங்க் சாமுவேல் டாங்கனிகாவுக்குப் போய்வந்து அரசிடம் ஒரு யோசனையை வைத்தார். ஆளில்லாத புதர்க்காட்டை இயந்திரங்களால் திருத்தி, மிகப் பெரிய அளவில் கடலை விளைவிக்கலாம் என்பது யோசனை. அதைச் சோதிக்க, டாங்கனிகாவின் முன்னாள் வேளாண்மை இயக்குநர் ஜான் வேக்ஃபீல்டு தலைமையில் மூவர் குழு கிளம்பியது. ஒன்பது வார காலம் பயணம் செய்தது. பெருந்தொலைவை விமானத்தில் பறந்தபடிதான் பார்த்தது.

குழு கொண்டுவந்த எண்களை நான் கரும்பலகையில் எழுதுவதுண்டு. ஒவ்வொன்றும் 30,000 ஏக்கர் கொண்ட 107 பண்ணைகள். அதில் 80 டாங்கனிகாவில், 17 வட ரொடீஷியாவில் (இன்றைய ஜாம்பியா), 10 கென்யாவில். மொத்தம் 32 லட்சத்து 10 ஆயிரம் ஏக்கர். ஆறு ஆண்டில் 2 கோடியே 40 லட்சம் பவுண்டு செலவு. முழு வேகத்துக்கு வந்ததும் ஆண்டுக்கு 6 லட்சம் டன் கடலை. பிரிட்டனின் உணவுச் செலவில் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு மிச்சம். 1947 பிப்ரவரியில் வெள்ளை அறிக்கை வந்தது. அந்த முதல் ஆண்டுக்கே 1,50,000 ஏக்கர் என்று இலக்கு வைத்தார்கள்.

பொறுப்பு யாரிடம் போனது என்பதையும் கவனிக்க வேண்டும். காலனிகளைக் கவனிக்கும் அமைச்சகத்திடம் போகவில்லை. ஜான் ஸ்ட்ரேச்சியின் உணவு அமைச்சகத்திடம் போனது. லண்டன் வீட்டு அடுப்பில் எண்ணெய் எப்போது வரும் என்று தினமும் கேள்வி கேட்கப்பட்டுக்கொண்டிருந்த அமைச்சகம் அது. நாள் குறித்தது அந்த அடுப்பு. கொங்வாவின் மழைக்கு அதில் இடம் இருக்கவில்லை.

இதை முட்டாள்களின் திட்டம் என்று சொல்லி நகர்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஸ்ட்ரேச்சி போன்றவர்கள் மனப்பூர்வமாக நம்பினார்கள். பசியும் இருந்தது, தட்டுப்பாடும் இருந்தது. ஆப்பிரிக்கருக்கும் நல்ல கூலி, மருத்துவமனை, பள்ளி, மண் காக்கும் புதிய விவசாயம் கிடைக்கும் என்று எழுதினார்கள், எழுதியதை நம்பினார்கள். நல்லெண்ணம் இருந்தும் இப்படி நடந்தது என்பதால்தான் இதை வகுப்பில் வைக்க வேண்டியிருக்கிறது.

மண்

முதலில் தேர்ந்த இடம் கொங்வா. டாங்கனிகாவின் நடுவில், வாகோகோ மக்களின் நாட்டில். அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, எனவே யாரையும் பெரிதாக அப்புறப்படுத்த வேண்டியதில்லை என்பதை நன்மையாகவே கணக்கிட்டார்கள். அவ்வளவு பெரிய நிலம் ஏன் ஆளில்லாமல் கிடக்கிறது என்று நம் ஊரில் ஒரு தரிசை விலைபேசப் போகிறவர்கூட முதலில் கேட்பார். தண்ணீர் இல்லை, அதனால்தான் ஆள் இல்லை. மழை சராசரியில் பார்த்தால் சுமாராகத் தெரியும். ஆனால் எந்த ஆண்டு வரும், எந்த வாரம் நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. கொங்வாவுக்கென்று நம்பத்தகுந்த நீண்ட கால மழைப்பதிவும் கையில் இருக்கவில்லை.

வாகோகோ மக்கள் சோளமும் கம்பும் விதைத்து, கூடவே மாடு வளர்த்தார்கள். பயிர் பொய்த்த ஆண்டில் மாட்டை விற்றுத் தானியம் வாங்குவார்கள். அந்த வாழ்க்கை முறையே மழையை நம்ப முடியாது என்பதற்கு எழுதிவைத்த சாட்சி. முதல் உலகப் போரின் முடிவில் அந்த நாட்டை அழித்த பஞ்சத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ம்துன்யா. திட்டம் வந்தபோது அதைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, "இங்கே பத்து வருஷத்தில் எத்தனை வருஷம் விளையும்?" என்று கேட்டு எழுதிய ஒரு பக்கம் திட்டத்தில் இல்லை.

இயந்திரங்களின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புது டிராக்டர் கிடைக்காததால் பிலிப்பைன்ஸில் அமெரிக்கப் படை விட்டுப்போன பழையவற்றை வாங்கினார்கள். அவற்றில் பெரும்பகுதி சீக்கிரமே பழுதாகி நின்றது. ஷெர்மன் பீரங்கி வண்டிகளைப் பிரித்து 'ஷெர்விக்' என்ற டிராக்டராக மாற்றிப் பார்த்தார்கள். தார் எஸ் சலாம் துறைமுகத்தில் சரக்கு இறக்க இடம் போதவில்லை. ஒற்றை ரயில் பாதையை வெள்ளம் அரித்தது. 1947 செப்டம்பரில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயராமல் விலைவாசி மட்டும் ஏறினால் யாரும் செய்வதைத்தான் செய்தார்கள். புதர்க்காட்டை மேலிருந்து பார்த்தபோது தெரியாத வேர்ப்பின்னல், ஏர் இறங்கியதும் தெரிந்தது. நடுநடுவே பாவோபாப் எனும் பெருக்கமரங்கள். மன்னாரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மரத்தைச் சுற்றி நிற்கவே பலர் கைகோக்க வேண்டும். முதல் ஆண்டு இலக்கு 1,50,000 ஏக்கர் என்றேனே, அதில் விதைக்க முடிந்தது ஏறக்குறைய 7,500 ஏக்கர்.

நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புவது அந்த மண்ணைப் பற்றி.

கடலை மற்றப் பயிர்போல அல்ல. மேலே பூக்கிறது, கீழே காய்க்கிறது. பூ வாடியதும் காம்பு நீண்டு விழுதாகி மண்ணுக்குள் இறங்க வேண்டும். அதற்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். அதற்காகத்தான் நம் ஊரில் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். விழுது இறங்கிய பிறகு செடியை அசைக்க விடமாட்டார்கள். அப்புறம் அறுவடை. இழுத்தால் செடியோடு காய் வர வேண்டும். மண் இறுகியிருந்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே தங்கிவிடும். மானாவாரிக் காரர் அறுவடை நேரத்தில் ஒரு மழைக்காக வானத்தைப் பார்ப்பதும், கிணறு உள்ளவர் லேசாகத் தண்ணீர் விட்டுப் பிடுங்குவதும் இதனால்தான்.

கொங்வாவின் மண் செந்நிறக் களி. அதில் குவார்ட்ஸ் மணல் கலந்திருந்தது. கலப்பைக் கொழுவை அது உப்புத்தாள்போலத் தேய்த்தது. மழை பெய்தால் சேறு. மழை நின்றால் சுட்ட செங்கல். அங்கே மழை நவம்பர், டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் ஓயும். கடலை முற்றுவது மழை ஓய்ந்த பிறகு, மண் செங்கல் ஆகும் நேரத்தில். இயந்திரத்தாலும் அதைப் பெயர்க்க முடியவில்லை. விளைந்த காயிலும் ஒரு பகுதி மண்ணுக்குள்ளேயே போனது. 1948-49 பருவத்தில் மழையும் பொய்த்தது. மாற்றாகப் போட்ட சூரியகாந்தியும் காய்ந்தது. இரண்டு ஆண்டு உழைப்பில் கைக்கு வந்தது சுமார் 2,000 டன். விதைக்கென்று வாங்கிய கடலையே அதைவிட அதிகம்.

அதே ஆண்டுகளில் இன்னொரு இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். வட நைஜீரியாவின் கானோவில், சிறு விவசாயிகள் மண்வெட்டியால் கொத்திப் பயிரிட்ட கடலை மூட்டை மூட்டையாகக் கோபுரம்போல அடுக்கிக் கிடந்தது. துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போதிய ரயில் எஞ்சினும் வண்டியும் இல்லை. அந்தக் கடலையை வாங்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று அதே யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி. ஒரு மூலையில் விளைந்த கடலை ரயிலுக்காகக் காத்துக் கிடக்க, மறு மூலையில் கடலையே விளையாத மண்ணில் கோடிகள் இறங்கின. என் வகுப்பில் எல்லாரும் சட்டென்று மௌனமாகும் இடம் இதுதான்.

வகுப்பு

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கதையை வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருக்கமரத்துக்கு வந்திருந்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தார்.

"சார், கடலை பிடுங்குற மாசத்துல அங்க மழை இருக்குமா?"

"இருக்காதும்மா. ஏன்?"

"அப்ப எப்படிப் பிடுங்குவாங்க?"

அதுவரை நான் மண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கவே இல்லை. அடுத்த அரைமணி நேரம் வகுப்பு என் கையில் இல்லை. ஒருவர் தன் அப்பா மழைக்காக இருபது நாள் காத்திருந்து, காய் மண்ணிலேயே முளைத்துப்போன கதையைச் சொன்னார். இன்னொருவர், பிடுங்கிய கொல்லையில் மறுபடி கொத்தி, தங்கிப்போன காயைப் பொறுக்குவது தன் பாட்டியின் வேலை என்றார். ஒரு ஏக்கரில் அப்படி எத்தனை படி கிடைக்கும் என்றுகூடச் சொன்னார். 107 பண்ணைக்கு அதைப் பொறுக்க எத்தனை பாட்டிகள் வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். அது கேலிக்காகக் கேட்டதல்ல, கூலி ஆள் கணக்குக்காகக் கேட்டது. அந்த அரைமணியில் அவர்கள் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்க ஒரு அரசு நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டது.

பருவத் தேர்வில் இந்தத் திட்டம் ஏன் தோற்றது என்று கேட்டிருந்தேன். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே மூன்று வரி: போதிய சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமை. உள்கட்டமைப்புக் குறைபாடு. மக்கள் பங்கேற்பின்மை. மழையைக் கேட்ட அந்த மாணவியின் தாளிலும் அதே மூன்று. விழுது இல்லை, மண் இல்லை, பாட்டி இல்லை.

நான் மதிப்பெண் போட்டேன். நல்ல மதிப்பெண்தான் போட்டேன், விடைக்குறிப்பில் அந்த மூன்றும்தான் இருந்தன. விடைக்குறிப்பை எழுதியவன் நான்.

பிறகு அந்த மாணவியைப் பார்த்தபோது, வகுப்பில் பேசியதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது எங்க வீட்டு விஷயம்தானே சார். பதில் இல்லையே" என்றார்.

அந்த வாக்கியம் பல நாள் என்னை விடவில்லை. அந்த மூன்று வரியும் தவறல்ல. ஆனால் உலகில் தோற்ற எந்தத் திட்டத்துக்கும் அவை பொருந்தும். அணைக்கும் பொருந்தும், ஆலைக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துகிற காரணம் எதையும் விளக்குவதில்லை. வேக்ஃபீல்டு குழுவுக்கு அறிவு குறைவாக இருந்ததால் திட்டம் விழுந்தது என்று நான் இத்தனை நாள் பாடம் எடுத்தேன். கொங்வாவில் அறிவு இருந்தது. மழையைப் பற்றிய அறிவு வாகோகோ மக்களிடம் இருந்தது. அது எந்தப் பத்தியில், யாருடைய வாயால் திட்டத்துக்குள் வரலாம் என்பதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. என் வகுப்பிலும் அறிவு இருந்தது. அதற்கு விடைத்தாளில் இடம் இருக்கவில்லை. அளவில்தான் வித்தியாசம்.

மாற்றியது

இப்போது முடிவைச் சொல்லிவிட்டுக் காரணம் கேட்பதில்லை. 1947ஆம் ஆண்டுத் திட்டத்தை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கி முதல் நாளே கையில் கொடுக்கிறேன். நாடு, எண்கள், நாள் எல்லாம் இருக்கும். என்ன ஆனது என்பது இருக்காது. கைபேசியைப் பையில் போடச் சொல்லிவிடுவேன். கூடவே ஒரு தாள். திட்டத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நான்கு கட்டம் நிரப்ப வேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது? அந்த ஊரில் இதைத் தெரிந்தவர் யார்? அவரிடம் எந்தச் சொற்களில் கேட்பாய்? அவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அது யாரிடம் போய்ச் சேரும்?

நான்காவது கட்டத்தில்தான் எல்லாரும் திணறுகிறார்கள். கொங்வாவைப் பொறுத்தவரை அதில் எழுத ஒன்றுமில்லை. களத்தில் ஒருவர் சொன்னால் பண்ணை மேலாளருக்குப் போகலாம். அதற்கு மேல் 1948 மார்ச்சில் பொறுப்பேற்ற கடல்கடந்த உணவுக் கழகம், அதற்கு மேல் லண்டனில் அமைச்சகம். அமைச்சருக்கு நாடாளுமன்றத்தில் எண் சொல்லியாக வேண்டும். அந்த வரிசையில் எந்தப் படியிலும் 'நிறுத்து' என்ற சொல்லைக் கேட்டுக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை.

இந்த முறைக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. மாணவர்கள் சீக்கிரமே மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள்: ஊர்க்காரர் சொன்னதெல்லாம் சரி, நிபுணர் சொன்னதெல்லாம் தப்பு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 30,000 ஏக்கரில் புல்டோசர் ஓட்டினால் மண் என்ன ஆகும் என்பது ஒரு வாகோகோ விவசாயிக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, சிறிய அளவில் ஒரு போகம் போட்டுப் பார்ப்பது. கொங்வாவில் சோதனைப் பண்ணை என்ற கட்டமே இல்லாமல், முழுத் திட்டமே சோதனையாகிப்போனது.

"ஜனங்க பசியில இருக்கும்போது ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்ல முடியுமா சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி, வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. என் பதிலை மறைக்கவில்லை. காத்திருக்காமல் தொடங்கிய முதல் ஆண்டில் கிடைத்தது 1,50,000 ஏக்கரில் 7,500. அந்த ஒரு வருடத்தை அவர்கள் எப்படியும் இழந்தார்கள், கூடவே பணத்தையும் இழந்தார்கள். பசித்தவருக்கு அந்த அவசரம் ஒரு கரண்டி எண்ணெய்கூடத் தரவில்லை. கானோவுக்குப் பத்து எஞ்சின் அனுப்பியிருந்தால் தந்திருக்கும் என்றார் அந்த மாணவரே, கொஞ்சம் யோசித்துவிட்டு.

விடைக்குறிப்பையும் மாற்றினேன். அந்த மூன்று பொதுவரிகளை எழுதினால் இப்போது மதிப்பெண் இல்லை. அந்த இடத்துக்கு மட்டுமே பொருந்தும் ஒரு காரணமாவது வேண்டும், அதை அவர்கள் எப்படி அறிந்தார்கள் என்பதும் வேண்டும். வீட்டில் அறிந்தது என்றால் வீட்டில் அறிந்தது என்றே எழுதலாம். முதல் ஆண்டில் தேர்ச்சி எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியது, துறையில் கேள்வி வந்தது. பொதுவரி எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது அநியாயம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னதில் நியாயம் உண்டு. அதனால் தேர்வுக்கு முன் இரண்டு பயிற்சித் தாள்கள் கொடுக்கத் தொடங்கினேன்.

கொங்வா பிறகு என்ன ஆனது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். திருத்திய நிலத்தில் பெரும்பகுதி மாட்டுப் பண்ணையானது. வாகோகோ மக்கள் காலங்காலமாக அந்த மண்ணில் செய்துவந்த வேலைக்கே அது திரும்பியது. தெற்கே, திட்டத்துக்கென்று போட்ட ரயில் பாதை 1960களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ம்த்வாராவில் கட்டிய ஆழ்கடல் துறைமுகம் மட்டும் இன்றும் பயன்படுகிறது. 1964 முதல் கொங்வாவில் மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா, நமீபியா, அங்கோலா விடுதலை இயக்கங்களின் வீரர்கள் முகாமிட்டிருந்தார்கள்.

இந்தப் பருவத்தில் அதே தாளோடு இரண்டாவது திட்டம் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். 1949இல் நைஜீரியாவின் மோக்வாவில் தொடங்கி 1954இல் மூடப்பட்டது. கொங்வாவைவிடச் சிறியது. இங்கே இயந்திரம் நிலத்தைத் திருத்தித் தரும், குடியேறிய விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்யும் என்பது ஏற்பாடு. போன வாரம் இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்து முன்வரிசையில் ஒருவர், ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய ஏக்கரின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இத்தனை ஏக்கருக்குக் களை யார் சார் எடுக்கிறது?"

மோக்வா தடுமாறியது அங்கேதான். அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியில் தொடங்குகிறோம்.